மேலே ஏறச் சொன்ன சைரன்

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட உரிமையுள்ள ஒரே ஆளான என் ஆசை அண்ணைக்கு,

உங்கள் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். வந்து நாலு கிழமை ஆகிறது. உடனேயே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் நடந்ததைச் சொல்ல வேண்டிவரும், சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்களோ என்று பயந்துகொண்டு இருந்துவிட்டேன். செத்த மனிசனிடம் என்னடி பயம் என்பீர்கள். உங்களுக்கு என்னைத் தெரியும்தானே.

ஒன்றை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஆரபி சுகமாக இருக்கிறாள். உங்கள் மகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இனி வருவதை அந்த நினைப்போடு வாசியுங்கள். நானும் ஒரு நாளைக்கு நூறு தரம் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

கிழமைக்கு மூன்று நாள், நாலு நாலு மணித்தியாலம், டயாலிசிஸ் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்து நீங்கள் பார்த்ததெல்லாம் அந்த ஒரு காணொளிதான். யாரோ ஒரு ஜப்பான்காரர் தலையில் கமராவைக் கட்டிக்கொண்டு ஆற்றோரமாகச் சைக்கிள் ஓடுகிறார். ஒரு பேச்சில்லை, பாட்டில்லை. சில்லுச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும்தான். "எடி பெட்டை, தண்ணியின்ரை பச்சையைப் பாரடி" என்று என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பீர்கள். மொன்றியலைச் சுற்றி எவ்வளவு பெரிய ஆறு ஓடுகிறது, அதைப் பாருங்கோவன் என்றால், "கப்பல் போனால் அது கடல், அதை ஆறெண்டு சொல்லாதை" என்பீர்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த நமக்கு ஆறு என்றால் என்ன தெரியும்? கிணறு தெரியும், முழங்கால் தண்ணீரில் நடந்து கடக்கிற களப்பு தெரியும். ஓடுகிற தண்ணீரைப் பாடப் புத்தகத்தில்தான் பார்த்தோம்.

நீங்கள் போய் இரண்டு வருடம் கழிந்து, போன மாசிமாதத் திவசத்தன்று, ஆரபி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "மாமி, அப்பா போக நினைச்ச இடத்துக்கு நாங்கள் போவமா?" அவளின் அம்மாவுக்கு, மச்சாளுக்கு, விருப்பமில்லை. கோப்பியைக் கலக்கிக் கலக்கி ஆறவைத்துவிட்டுத்தான் சொன்னா, "வதனி, உன்னை நம்பித்தான் விடுறன்." அந்த ஒரு வசனத்தை நான் விமானத்தில் பதினாலு மணித்தியாலமும் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

வைகாசி நடுவில் போனோம். சிக்கோக்கு என்ற தீவு. ஆற்றின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் என் உச்சரிப்பைத் திருத்துவீர்கள், உங்களுக்கு அது பிடித்த வேலை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். ஆரபி ஏறி உட்கார்ந்த மாதிரியே போய்விட்டாள். நான் ஹெல்மெட் வாரை மூன்று தரம் கழற்றிப் பூட்டிக்கொண்டு நின்றேன்.

தண்ணீர் பச்சைதான் அண்ணை. பொய்யில்லை. கமராக்காரர் நிறத்தைக் கூட்டி வைக்கவில்லை. அடியில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் தெரிகிறது. ஒரு வளைவில் நிறுத்தி, சாய்ந்து பார்த்து, "அண்ணை, கண்டுட்டன்" என்று வாய்விட்டே சொன்னேன். ஆரபி திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் முன்னால் போனாள். நல்ல பிள்ளை.

ஆனால் அந்தப் பாலங்களைப் பற்றி நீங்கள் எனக்கு ஏன் சொல்லவில்லை? கைப்பிடி இல்லாத பாலங்கள். ஒரு பக்கமும் ஒன்றுமில்லை, வெறும் கொங்கிறீட் பலகை. வெள்ளம் வந்தால் தண்ணீர் பாலத்துக்கு மேலால் போகட்டும், அடித்துவரும் மரம் மட்டை முட்டி உடையாமலிருக்கட்டும் என்று வேண்டுமென்றே அப்படிக் கட்டுகிறார்களாம். நான் இறங்கி, நட்டநடுவால், சைக்கிளைக் கைத்தடி மாதிரிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஆரபி பறந்துபோய் அக்கரையில் நின்று என்னைப் படம் எடுத்தாள். அந்தப் படத்தில் என் முகத்தைப் பார்த்தால் இன்னும் பத்து வருடத்துக்கு என்னைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

வழியில் மூன்று இடத்தில் ஒரு மஞ்சள் பலகை பார்த்தோம். பெரிய அலை ஒன்று துரத்த, ஒரு மனிதன் படியேறி ஓடுகிற படம். ஆரபி போனை அதற்கு நேரே பிடித்து மொழிபெயர்த்துச் சொன்னாள். "மேலை ஒரு டாம் இருக்காம் மாமி. தண்ணி திறந்துவிட முதல் சைரன் அடிப்பினமாம். கேட்டால் உடனை ஆத்தை விட்டு மேலை ஏறோணுமாம்."

"ஓம் ஓம், விளங்குது" என்றேன். விளங்கியதுதான் அண்ணை. விளங்காமல் செய்தேன் என்று நான் சாட்டுச் சொல்லவே முடியாது.

மத்தியானத்துக்கு முன் ஒரு பாலத்தடியில் சைக்கிள்களை வீதியோரம் பூட்டிவிட்டு அருவிக்கு நடந்தோம். மேலே ஏறுகிற ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஆறு வரைக்கும் வெறும் பள்ளம், பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. முந்தின இரண்டு நாளும் மழை பெய்ததால் கல்லெல்லாம் பாசி வழுக்கியது. நான் முருகா முருகா என்றபடி ஆரபியின் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பாதையோரத்தில் சிவப்புத் துணி கட்டிய ஒரு சின்னக் கல்லுச் சாமி. யாரென்று தெரியாது, கும்பிட்டுவிட்டுத்தான் நடந்தேன்.

அருவிக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம். நம் டெப்பனர் மாதிரி ஒரு மூலைக்கடையில் வாங்கின சோற்று உருண்டை. கடித்தால் உள்ளே என்ன தெரியுமா? மாசி! நம் மாசிக் கருவாடேதான், சீவிச் சீவி வைத்திருக்கிறார்கள். நான் கொண்டுபோன இடிசம்பலை அதன்மேல் வைத்துத் தின்றோம். "அப்பா இருந்திருந்தால் இதுக்காகவே இஞ்சை குடிவந்திருப்பார்" என்றாள். இருவரும் நன்றாகச் சிரித்தோம். அன்று நான் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

இறங்கி வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்தேன். அப்போது அடித்தது.

மெல்லத் தொடங்கி, ஏறி, ஏறி, உச்சியில் நின்று, இறங்கி, திரும்ப ஏறுகிற அந்தச் சத்தம். அண்ணை, அது எங்கள் சந்தியில் கையால் சுற்றுகிற சைரனின் அதே சத்தம். குண்டு போட விமானம் வருகிறது என்றால் கடைக்காரர் கதிரையில் ஏறி நின்று சுற்றுவாரே, அதேதான். எனக்கு எட்டு வயது, உங்களுக்குப் பதினைந்து. ஒருநாள் நான் முற்றத்தில் நின்று மேலே பார்த்து, "எங்கை அண்ணை, எங்கை வருது?" என்று கேட்டேன். நீங்கள் என் பிடரியில் ஒன்று போட்டு, அப்படியே பங்கருக்குள் தள்ளி, மேலே விழுந்தீர்கள். வெளியே வந்து பார்த்தபோது பக்கத்து வீட்டுக் குசினி இல்லை. "கேள்வி கேக்காதை. சத்தம் கேட்டால் இறங்கு. வாயைத் திற, காதைப் பொத்து." வாய் திறந்திருந்தால் குண்டு வெடிக்கிறபோது செவிப்பறை கிழியாதாம். அதற்குப் பிறகு நான் ஒருநாளும் கேட்கவில்லை.

அங்கேயும் கேட்கவில்லை. ஆரபியின் பிடரியைப் பிடித்தேன். வீதியிலிருந்து ஆற்றுக்கு இறங்குகிற கொங்கிறீட் படியால் அவளை இழுத்துக்கொண்டு இறங்கினேன். மேலே ஏறச் சொல்லி அடித்த சைரனுக்கு நான் கீழே, ஆற்றுக்குள்ளேயே, இறங்கினேன். பாலத்தூணுக்கும் ஒரு பெரிய கல்லுக்கும் நடுவில் பதுங்க ஒரு பள்ளம் இருந்தது. இவ்வளவு நல்ல இடம் கிடைத்ததே என்று நினைத்தது எனக்கு ஞாபகமிருக்கிறது. அவளைக் குப்புறத் தள்ளி, மேலே விழுந்தேன்.

"மாமி! மாமி, என்ன? என்ன நடந்தது?"

"வாயைத் திற! காதைப் பொத்து!"

அவள் திறந்தாளாம். பிறகு சொன்னாள், மாமிக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று நினைத்தாளாம். பிள்ளை என்னை நம்பி, ஆற்றுக்குள் வாயைத் திறந்துகொண்டு கிடந்திருக்கிறாள்.

மேலே வீதியில் ஒரு சின்ன வெள்ளை லொறி வந்து நின்றது. ஒரு வயதான மனிதர் இறங்கி, விடாமல் ஹோர்ன் அடித்து, இரண்டு கையையும் மேலே மேலே தூக்கிக் காட்டி, ஏதோ கத்தினார். சைரனுக்குள் ஒருவர் நிமிர்ந்து நிற்கிறாரே என்று எனக்குப் பதறியது. "ஐயோ, நிக்காதேங்கோ! விழுந்து படுங்கோ!" என்று அந்த மனிதரைப் பார்த்துத் தமிழில் கத்தினேன். இதைச் சிரிப்பு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். என் வாழ்க்கையில் அதைவிட உண்மையாக நான் யாரையும் காப்பாற்ற நினைத்ததில்லை.

அப்போது முழங்கையில் ஈரம் பட்டது. காய்ந்து கிடந்த இடத்தில் தண்ணீர். பச்சையில்லை, மண்நிறம். ஆரபிக்குத்தான் முதலில் விளங்கியது. "மாமி, தண்ணி! விடுங்கோ, தண்ணி!" நான் விடவில்லை. நீங்கள் என்னை விட்டீர்களா, நான் எப்படி விடுவேன்? அவள் என் மணிக்கட்டைக் கடித்தாள். பல் பதியக் கடித்து, நெளிந்து வெளியே வந்து, என் பையின் வாரைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. ஒரு சப்பாத்து போய்விட்டது. இறங்கும்போது காய்ந்திருந்த படிகளில் நாலு படி தண்ணீருக்குள். அந்த மனிதர் கடைசிப் படிவரை இறங்கி வந்து என் கையைப் பிடித்தார்.

மேலே வந்து வீதியில் உட்கார்ந்தோம். நான் திரும்பிப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெரிய கல்லின் தலை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. நாங்கள் கிடந்த பள்ளம் எங்கே என்று யாராலும் காட்ட முடியாது.

அந்த மனிதர் கோபமாக ஏதோ சொன்னார். சொல்லிவிட்டு லொறியிலிருந்து ஒரு துவாயும் ஒரு சோடி றப்பர்ச் செருப்பும் எடுத்துக் கொடுத்தார். அந்தச் செருப்போடு நான் சைக்கிள் ஓடித் திரும்பினேன். வழியெல்லாம் ஆரபி எனக்குப் பின்னால்தான் வந்தாள். காலையில் முன்னால் போன பிள்ளை.

ரயிலில் என் மணிக்கட்டில் தன் பல்லடையாளத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். "அம்மாட்டைச் சொல்லாதேங்கோ மாமி. பிளீஸ்." நான் ஓம் என்றேன். அவள் தன் அம்மாவுக்காகக் கேட்டாளா, எனக்காகக் கேட்டாளா? எனக்கு இன்னும் தெரியாது.

இப்போது மொன்றியல் சேதி. ஆரபிக்கு அந்தத் தீவிலேயே ஒரு வருட வேலை கிடைத்திருக்கிறது, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்க. ஆவணியில் போக வேண்டும். ஜான்-டலோன் சந்தையில் ஸ்ரோபரிப் பெட்டியைப் பொறுக்கிக்கொண்டு நின்றவள் கடிதத்தைக் காட்டினாள். அந்த ஆற்றுக்குப் பக்கத்திலா? தனியாகவா? "அம்மா ஓம் எண்டு சொல்லேல்லை மாமி. உங்களைக் கேக்கப்போறா. நீங்கள் சொல்லுறதைத்தான் கேப்பா."

கேட்டாவும். ரெலிபோனில். "நீ போய்ப் பாத்தனிதானே. பெட்டையைத் தனியா விடலாமோ? பயமில்லாத இடமோ?" நான் பேந்து கதைப்பம் என்று வைத்துவிட்டேன். அண்ணை, பயமான இடம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் போகமாட்டாள், எனக்கு நித்திரை வரும். எவ்வளவு சுகமான பொய்! ஆனால் அந்த ஊர் என்ன பிழை செய்தது? மூன்று பலகை வைத்தது, சைரன் அடித்தது, ஒரு மனிதரை லொறியோடு அனுப்பியது. அன்று அந்த ஆற்றில் ஆரபிக்கு வந்த ஆபத்து நான்.

பத்து நாள் ஒளித்துத் திரிந்தேன். போன செவ்வாய்க்கிழமை நான் வேலை செய்கிற சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் தீ ஒத்திகை. வருடா வருடம் வருவதுதான், முந்தியும் அலாரம் கேட்டிருக்கிறேன். இந்த முறை எல்லாரும் கதவுப் பக்கம் போக, என் கால் கீழ்த்தளக் களஞ்சியப் படிக்குத் திரும்பியது. இரண்டு படி இறங்கியும்விட்டேன். கூட வேலை செய்கிற ஹெயிட்டிக்காரி முழங்கையைப் பிடித்து, "பார் இசி, மதாம், இந்தப் பக்கம்" என்று வெளியே கூட்டிக்கொண்டு போனாள். வாகனத் தரிப்பிடத்தில் வெயிலுக்குள் நின்றேன். இது ஆற்றோடு போகவில்லை, என்னோடு வீட்டுக்கு வந்திருக்கிறது என்று அப்போது விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை புரோசார்ட்டுக்கு, உங்கள் வீட்டுக்குப் போனேன். ஆரபியும் மேசையில் இருந்தாள். மச்சாள் சோறு போட்டுக்கொண்டே, "சொல்லு வதனி, விடலாமோ?" என்றா. சொன்னேன். சைரனிலிருந்து செருப்பு வரைக்கும் எல்லாம் சொன்னேன். மணிக்கட்டைக் காட்டினேன். "என்னை நம்பி விட்டனீங்கள். நான் பிள்ளையைக் கொல்லப் பாத்தனான் மச்சாள்."

மச்சாள் அகப்பையைக் கீழே வைத்தா. ஆரபியை எழும்பி நிற்கச் சொல்லி, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தா, ஏதோ இன்றைக்குத்தான் ஆற்றிலிருந்து எடுத்துவந்த மாதிரி. எனக்கு அடி விழுந்தால் நல்லது என்று இருந்தது. பிறகு என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தா.

"உன்ரை அண்ணர் என்ன செய்தவர் தெரியுமே?" என்றா.

"இவளுக்கு ஆறு மாசம். நான் எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலை வைச்சிட்டு மறந்துபோனன். புகை அலாரம் அடிச்சுது. வெளியாலை ஓடிவந்து பனிக்குள்ளை நிண்டு பாக்கிறன், மனிசனையும் காணேல்லை, பிள்ளையையும் காணேல்லை. உள்ளை போனால் வீடு முழுக்கப் புகை. ஆள் பேஸ்மென்றிலை, படிக்குக் கீழை, பிள்ளையை நெஞ்சுக்குக் கீழை வைச்சுக்கொண்டு குப்புறக் கிடக்கிறார். வாயைத் திறந்து வைச்சபடி. கன்னத்திலை ஒண்டு போட்டுத்தான் எழுப்பினனான்."

ஆரபி தன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் மச்சாள் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவர். தங்கச்சிக்கு மட்டும் சொல்லிப்போடாதை, அவள் எனக்குப் பயமில்லை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள் எண்டு."

இருபது வருடமா அண்ணை? இருபது வருடம் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்டுக்கொண்டு, அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டா திரிந்தீர்கள்? கோடையில் ஆற்றங்கரையில் வாணவேடிக்கை என்றால், நுளம்பு வரும் என்று யன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பீர்களே, அதுவும் இதுதானா? நானும் உங்களோடு உள்ளே இருந்திருப்பேனே. இரண்டு பேருமாகப் பயந்திருக்கலாமே.

மச்சாள் ஓம் என்றுவிட்டா. ஆரபி ஆவணியில் போகிறாள். எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அங்கே மழை என்று போனில் காட்டினால் இப்போதே நெஞ்சு அடிக்கிறது, அவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள் என்றாலும். ஆனால் அவளுக்கு அந்தச் சைரன் தண்ணீர் வருகிறது என்று மட்டும்தான் சொல்லும். அவள் மேலே ஏறுவாள். அதை நான் என் கண்ணால் கண்டவள்.

உங்களுக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். இனிச் சத்தம் கேட்டால் இறங்கமாட்டேன் என்று சொல்ல முடியாது, என் கால் என் சொல் கேட்பதில்லை. ஆனால் இறங்க முதல் பக்கத்தில் நிற்கிறவரின் கையைப் பிடித்துக் கேட்பேன், மேலையோ, கீழையோ என்று. எந்தப் பாஷையில் சொன்னாலும் அந்தப் பக்கம் போவேன். கேள்வி கேட்காதை என்றீர்கள். அன்றைக்கு அது என்னைக் காப்பாற்றியது. இனிக் கேட்கப்போகிறேன் அண்ணை, கோபிக்காதேங்கோ.

எங்கள் வீட்டின் இரண்டாவது பயந்தாங்கொள்ளி,
உங்கள் தங்கச்சி வதனி